பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு இலவச மதியச் சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஒரு பிளாட்டின் கீழ்த்தளத்தில், பள்ளி விடுமுறை நாட்களில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்துப் போடுகிறோம். அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர், கோயில் இளைஞர்கள் சிலர், ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் என்று சின்னக் குழு. பிள்ளைகளை அனுப்பலாமா என்று யோசிக்கும் அம்மாக்கள், தங்கள் பிளாட்டிலும் இப்படி ஒன்று தொடங்க நினைப்பவர்கள், பணமோ அரிசியோ கொடுக்க விரும்புபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உங்களுக்கு வேண்டிய கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள்.

இது சரியாக என்ன திட்டம்?

பள்ளி மூடியிருக்கும் வாரங்களில், திங்கள் முதல் வெள்ளி வரை, மதியம் ஒரு வேளைச் சாப்பாடு. பிள்ளைகள் வருவார்கள், கை கழுவுவார்கள், உட்கார்ந்து சாப்பிடுவார்கள், தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவார்கள். சாப்பிடுவதற்கு முன் சொற்பொழிவு கிடையாது, பாடம் படித்தால்தான் சோறு என்ற நிபந்தனையும் கிடையாது. சாப்பிட்ட பிறகு விருப்பம் இருந்தால் கேரம் விளையாடலாம், ஆசிரியரிடம் கதைப் புத்தகம் வாங்கிப் படிக்கலாம், நேராக வீட்டுக்கும் போகலாம்.

பள்ளியில்தான் சாப்பாடு கொடுக்கிறார்களே, அப்புறம் இது எதற்கு?

பள்ளியில் கொடுப்பது பள்ளி நாட்களில் மட்டும்தான், பிரச்சினையே அங்கேதான் தொடங்குகிறது. ஆர்எம்டி என்று எல்லோரும் சொல்லும் ரஞ்சாங்கான் மக்கானான் தம்பாஹான், அதாவது துணை உணவுத் திட்டம், 1979இல் தொடங்கியது. வசதி குறைந்த குடும்பத்துத் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு அதன் மூலம் பள்ளியில் ஒரு வேளைச் சாப்பாடு கிடைக்கிறது. தீபகற்ப மலேசியாவில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 3 ரிங்கிட் 50 சென் ஒதுக்குகிறார்கள். நல்ல திட்டம், பல வீடுகளில் அந்த ஒரு தட்டுதான் பிள்ளையின் அன்றைய முதல் சாப்பாடு. ஆனால் பள்ளி மணி அடித்து விடுமுறை விட்டதும் அந்தத் தட்டும் நின்றுவிடும். வீட்டில் வருமானம் கூடுவதில்லை, வாடகை குறைவதில்லை, மதியம் சாப்பிட வேண்டிய வாய்கள் மட்டும் கூடுகின்றன.

வேறு நாடுகளில் இதைக் கோடை விடுமுறைப் பிரச்சினை என்பார்கள். நமக்குக் கோடை கிடையாது, ஆண்டு நடுவில் ஒரு விடுமுறை, டிசம்பரில் ஆண்டிறுதி விடுமுறை, இடையில் ஒரு வார விடுமுறைகள். ஆண்டிறுதி விடுமுறைதான் ரொம்ப சிரமம். பள்ளியாண்டு 2026 முதல் மறுபடி ஜனவரியில் தொடங்குவதால், டிசம்பர் மாதச் சம்பளத்தில்தான் சீருடையும் சப்பாத்தும் பையும் வாங்கியாக வேண்டும். அந்த மாதம் எந்தச் செலவைக் குறைப்பார்கள்? சாப்பாட்டைத்தான். அதுவும் முதலில் கோழி போகும், அப்புறம் காய்கறி போகும், கடைசியில் மேகியும் ரொட்டியும் மிஞ்சும்.

இன்னொன்று, ஆர்எம்டி தொடக்கப்பள்ளியோடு முடிந்துவிடுகிறது. படிவம் ஒன்றுக்குப் போன பதின்மூன்று வயது அண்ணனுக்கு அது கிடையாது. அவன்தான் வீட்டிலேயே அதிகம் பசிக்கிற வயதில் இருக்கிறான்.

கோலாலம்பூரில் கூடப் பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்களா? நம்பவே முடியவில்லையே.

இந்தக் கேள்வியை இரட்டைக் கோபுரம் தெரியும் இடத்தில் நின்றுகொண்டே கேட்டவர்கள் உண்டு. கோபம் இல்லாமல் பதில் சொல்கிறேன், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் உண்மையிலேயே தெரியாது. பிள்ளையிடம் கைப்பேசி இருக்கும், சட்டை சுத்தமாக இருக்கும், கன்னம்கூட உப்பலாக இருக்கும்.

2018இல் யுனிசெஃப் கோலாலம்பூரின் குறைந்த விலை அடுக்குமாடி வீடுகளில் எடுத்த ஆய்வு வெளியானது. அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் வளரவில்லை, 15 விழுக்காட்டினருக்கு எடை குறைவு. எட்டில் ஒரு பிள்ளை ஒரு நாளைக்கு மூன்று வேளைக்கும் குறைவாகச் சாப்பிடுகிறது. அதே வீடுகளில் 23 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். கடைசி எண்ணைக் காட்டி, குண்டாகத்தானே இருக்கிறார்கள், பசி எங்கே என்று கேட்பார்கள். மேகி, இனிப்புத் தண்ணீர், பொரித்த கெரோபோக், ரொட்டியில் கொண்டென்ஸ்டு பால் என்று மலிவாக வயிறு நிறைகிற சாப்பாடு அத்தனையும் மாவும் சர்க்கரையும் எண்ணெயும்தான். வயிறு நிறையும், உடம்பு வளராது. ஒரே வீட்டில் ஒரு பிள்ளை ஒல்லியாகவும் இன்னொன்று பருமனாகவும் இருக்கும், இரண்டுக்குமே முட்டையும் கீரையும் போதவில்லை.

யாரெல்லாம் வரலாம்? என்ன பத்திரம் கொண்டு வரவேண்டும்?

பதினெட்டு வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளையும் வரலாம், எந்தப் பத்திரமும் வேண்டாம். சம்பளச் சீட்டு, இகாசி என்ற வறிய குடும்பங்களின் அரசாங்கப் பதிவு, பிள்ளைகளின் மைகிட் அட்டை, பிறப்புச் சான்றிதழ், எதையும் கேட்க மாட்டோம். முதல் நாள் பெயர், வயது, எந்தச் சாப்பாடாவது ஒத்துக்கொள்ளாதா, அம்மா அப்பாவின் போன் எண், இந்த நான்கு மட்டும் எழுதிக்கொள்வோம். கடைசி இரண்டும் பிள்ளையின் பாதுகாப்புக்காக.

இதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம், காரணமும் சொல்கிறேன். நம் சமூகத்திலேயே பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். பெற்றோர் திருமணத்தைப் பதிவு செய்யாமல் விட்டிருப்பார்கள், அல்லது அம்மாவிடமே அடையாள அட்டை இருக்காது. அந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் சேருவதே போராட்டம். மேசையில் ஒரு பாரத்தை வைத்துவிட்டு ஐசி எண் கேட்டால், எந்தப் பிள்ளைக்கு இந்தச் சாப்பாடு அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைதான் முதலில் திரும்பிப் போகும்.

வசதி உள்ளவர்கள் பிள்ளையும் வந்து சாப்பிட்டுவிடுமே என்பார்கள். வரட்டும். ஏழைப் பிள்ளைகள் மட்டும் சாப்பிடும் இடம் என்று ஆகிவிட்டால் ஏழைப் பிள்ளைகளே வரமாட்டார்கள்.

எங்கள் பிளாட்டில் மலாய்க்காரர்கள், மியன்மார்க்காரர்கள், இந்தோனேசியர்கள் எல்லாம் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் வரலாமா?

வரலாம். மாடிப்படியில் ஒன்றாக ஓடிப்பிடித்து விளையாடிய பிள்ளைகளைச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் இனம் பார்த்துப் பிரிக்க முடியாது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று சொன்னால் பணம் தருகிறேன் என்று வந்தவர்களை நன்றி சொல்லி அனுப்பிவிட்டோம்.

அப்படியென்றால் ஹலால், சைவம், மாட்டிறைச்சி விஷயமெல்லாம்?

பன்றியும் மாடும் எங்கள் சமையலுக்குள் வராது. கோழியை ஹலால் கடையில்தான் வாங்குகிறோம். ஆனால் எங்கள் அடுப்படிக்கு ஹலால் சான்றிதழ் கிடையாது, அதை மலாய் அம்மாக்களிடம் முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். அனுப்புவதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு. சிலர் அனுப்புகிறார்கள். சிலருக்கு மனம் ஒப்பாது, அதுவும் நியாயம்தான். அதனால் வாரத்தில் ஒரு நாள் பக்கத்து மலாய் மக்சிக் கடையில் சொல்லி வாங்குகிறோம், அன்று எல்லோரும் சாப்பிடுகிறார்கள், மக்சிக்குக்கும் வியாபாரம் ஆகிறது.

சைவப் பிள்ளைகளுக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. செவ்வாயும் வெள்ளியும் மொத்தச் சமையலே சைவம், ஏனென்றால் அந்த நாட்களில் நம் வீடுகளில் பாதிப் பேர் கறி சாப்பிடுவதில்லை. முட்டை சாப்பிடும் சைவமா சாப்பிடாத சைவமா என்று பெற்றோரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளையிடம் கேட்டால் முட்டையைப் பார்த்ததும் சாப்பிடுவேன் என்றுதான் சொல்லும்.

என்ன சமைக்கிறீர்கள்?

சுகாதார அமைச்சு சொல்லும் சுக்கு சுக்கு செப்பாரோ முறைதான் அளவு. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு கோழியோ மீனோ முட்டையோ பருப்போ, மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். சொல்வது சுலபம், பிள்ளைகளிடம் அரைத் தட்டு காய்கறியை நீட்டிப் பாருங்கள்! அதனால் காயை மறைக்கக் கற்றுக்கொண்டோம். பறங்கிக்காயைப் பருப்போடு சேர்த்துக் குழைய வேகவைத்தால் சாம்பாரில் கரைந்துவிடும், இனிப்பாகவும் இருக்கும், ஒரு பிள்ளையும் ஒதுக்காது. காரட்டையும் முட்டைகோஸையும் பொடியாக நறுக்கி பீகூனில் போட்டுப் பிரட்டிவிடலாம். காங்கோங் கீரையை மட்டும் மறைக்க முடியாது. அதை நெத்திலியோடு பிரட்டினால் நெத்திலிக்காகச் சாப்பிடுகிறார்கள்.

கிச்சாப் கோழி அன்றைக்குக் கூட்டம் அதிகம். மீன் என்றால் முள் பயம், சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது நெஞ்சு படபடக்கும், அதனால் டின் சார்டினை வெங்காயம் தக்காளி போட்டு வதக்கிக் கொடுக்கிறோம், அதன் முள் மெத்தென்று நசுங்கிவிடும். குடிக்க வெறும் தண்ணீர் மட்டும். சிராப்பும் பாக்கெட் பானமும் யாராவது பெட்டி பெட்டியாகக் கொண்டு வந்தாலும் பிள்ளைகள் மேசைக்கு வராது, இதில் சிலருக்கு எங்கள் மேல் வருத்தம் உண்டு.

வீட்டில் இருக்கும் தம்பி தங்கைக்குத் தாப்பாவ் கட்டிக் கொடுப்பீர்களா?

கொடுப்போம். சாப்பிடும் பிள்ளையைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். முட்டையைச் சோற்றுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு வெறும் சாம்பாரைப் பிசைந்து சாப்பிடும். இன்னும் பசிக்கிறதா என்றால் இல்லை என்னும், கண் மட்டும் அண்டாவையே பார்க்கும். வீட்டில் இன்னொரு வாய் காத்திருக்கிறது என்று அர்த்தம். அம்மா பன்னிரண்டு மணி நேர செக்யூரிட்டி வேலைக்குப் போயிருப்பார், பத்து வயது அக்காதான் அன்றைக்கு வீட்டுக்கே அம்மா. அவளிடம், நீ உன் தட்டை முழுசாகச் சாப்பிடு, தம்பிக்குத் தனியாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் அந்த முட்டை வெளியே வரும். அதனால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லிப் பயனில்லை.

எத்தனை பேருக்கு வேண்டும் என்று மட்டும் கேளுங்கள், ஏன் என்று கேட்க வேண்டாம். கொண்டு போன உடனே சாப்பிடச் சொல்லி அனுப்புங்கள், ராத்திரிக்கு வைக்கக்கூடாது.

பிள்ளையை அனுப்ப வெட்கமாக இருக்கிறது. அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்கள்?

அக்கா, இதை எழுதும்போது உங்களைப் போன்ற நிறைய முகங்கள் நினைவுக்கு வருகின்றன. 2021இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது வீட்டுக்கு வெளியே வெள்ளைக் கொடி கட்டுங்கள், உதவி வரும் என்று நாடு முழுக்கச் சொன்னார்கள். கொடி கட்டியவர்களுக்கு மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். கொடி கட்டாமல் கதவைச் சாத்திக்கொண்டவர்களும் இருந்தார்கள், அவர்கள் வீட்டிலும் அரிசி இல்லை.

பழைய ரப்பர் தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்தது. அம்மாக்கள் விடியற்காலையில் பால் மரம் வெட்டப் போகும்போது பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள், ஆயா எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்துப் பார்த்துக்கொள்வார். அதை யாரும் பிச்சை என்று நினைக்கவில்லை. தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்தோம், புறம்போக்கு வீட்டிலிருந்து பிளாட்டுக்கு மாறினோம், வேலை நேரம் இன்னும் நீண்டுவிட்டது, ஆயா மட்டும் கூட வரவில்லை. எங்களை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால், ஒரு நாள் வந்து வெங்காயம் உரித்துக் கொடுங்கள், பிள்ளையும் சாப்பிடட்டும்.

சும்மா சோறு போட்டால் பெற்றோர் சோம்பேறி ஆகிவிட மாட்டார்களா?

இல்லை. கணக்கைப் பாருங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 ரிங்கிட். புள்ளிவிவரத் துறை 2022இல் கணக்கிட்ட வறுமைக் கோட்டு வருமானம் ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,589 ரிங்கிட். அதாவது கணவனை இழந்த ஒரு பெண், ஒரு நாள்கூட லீவு போடாமல் முழுநேரம் துப்புரவு வேலை பார்த்தாலும், அவர் சம்பளம் அந்தக் கோட்டைத் தொடாது. பிபிஆர் என்ற அரசாங்க மலிவு அடுக்குமாடி வீட்டு வாடகை 124 ரிங்கிட்தான், அது பெரிய உதவி, ஆனால் பஸ், கரண்ட், போன், பள்ளி வேன் எல்லாம் வெளிவிலைதான். இவர்கள் சோம்பேறிகள் இல்லை, களைத்துப் போனவர்கள். அது தவிர, பெற்றோர் எப்படிப்பட்டவராக இருந்தாலும் ஏழு வயதுப் பிள்ளை அதற்குப் பொறுப்பாளி ஆகாது.

கோயில்களில் அன்னதானம் இருக்கிறதே, அங்கே போகலாமே?

போகலாம். பிரிக்ஃபீல்ட்ஸிலும் செந்தூலிலும் அன்னதானம் போடும் கோயில்கள் உண்டு, ஜாலான் ராஜா ஆலாங்கில் உள்ள தாட் கால்சா குருத்துவாராவில், சீக்கியர்களின் இலவசப் பொதுச் சமையலான லங்கரில், யாரும் உட்கார்ந்து சாப்பிடலாம், சௌ கிட் பக்கம் இருக்கும் பிள்ளைகளுக்கு யாயாசான் சௌ கிட் பல வருடங்களாக இடமும் சாப்பாடும் கொடுத்து வருகிறது. கெச்சாரா சூப் கிச்சன், பெர்த்திவி போன்றவை தெருவில் வசிப்பவர்களுக்குச் சாப்பாடு தருகின்றன. எல்லாம் நல்ல வேலை.

சிக்கல் தூரம்தான். எட்டு வயதுப் பிள்ளை, கையில் நான்கு வயதுத் தம்பி, நடுவில் நெடுஞ்சாலை. அந்தப் பிள்ளை பிரிக்ஃபீல்ட்ஸ் வரை எப்படிப் போகும்? லிஃப்டில் இறங்கி வந்தால் சாப்பாடு இருக்க வேண்டும், பிள்ளைகளுக்கான திட்டத்துக்கு அதுதான் முதல் விதி. கோயில் நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பதும் இதுவே: விசேஷ நாளில் ஆயிரம் பேருக்குப் போடும் அன்னதானத்தில் ஒரு பங்கை எடுத்து, விடுமுறை வாரங்களில் பக்கத்து பிளாட்டுக்குத் தினமும் ஓர் அண்டா அனுப்புங்கள்.

எங்கள் பிளாட்டிலும் தொடங்க வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

இடத்திலிருந்து. குடியிருப்பாளர் சங்கத்தையும் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கக் குழுவையும் முதலில் பாருங்கள், மண்டபமோ கீழ்த்தளமோ அவர்கள் மூலம் சுலபமாகக் கிடைக்கும், மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும் என்றால் அதற்கும் அவர்களே வழி சொல்வார்கள். சங்கத் தலைவர்களுக்குள் ஆகாது என்றால் இரண்டு பக்கமும் போய்ப் பேசுங்கள், சாப்பாட்டு மேசை ஒரு கட்சிக்குச் சொந்தம் என்ற பெயர் வந்துவிட்டால் மறுபாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள்.

அடுத்தது சமைப்பவர்கள். 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகள்படி உணவைக் கையாளுபவர்கள் அதற்கான பயிற்சி எடுத்திருக்க வேண்டும், டைஃபாய்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும். நாங்கள் கடை நடத்தவில்லையே, எங்களுக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். அரை நாள் பயிற்சி, மூன்று வருடத்துக்கு ஒரு ஊசி, சாப்பிடுவது ஊரார் பிள்ளைகள். ஊசிச் செலவை நன்கொடையிலிருந்து கொடுங்கள், சமைக்க வரும் அக்காவின் கைக்காசில் போட வைக்காதீர்கள்.

அப்புறம் ஆள் கணக்கு. சமைக்க மூன்று பேர், பரிமாற இரண்டு பேர், பிள்ளைகள் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் இருந்தால் நாற்பது, ஐம்பது பிள்ளைகளைச் சமாளிக்கலாம். எந்தப் பெரியவரும் பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது என்ற விதியை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், கோயில் தலைவராக இருந்தாலும் சரி.

முதல் விடுமுறையிலேயே பெரிதாகச் செய்யாதீர்கள். வாரத்தில் மூன்று நாள்தான் முடியும் என்றால் மூன்று நாள், ஆனால் சொன்ன நாளில், சொன்ன மணிக்குச் சாப்பாடு இருக்க வேண்டும். ஒரு நாள் கதவு மூடியிருந்தால் பிள்ளை மறுநாள் வராது, அதைவிட, அம்மா அன்றைக்கு ஒன்றும் சமைத்து வைக்காமல் போயிருப்பார்.

எவ்வளவு செலவாகும்?

அரிசிச் செலவு பயப்படுகிற அளவுக்கு இல்லை. பிள்ளைக்கு எழுபது, எண்பது கிராம் அரிசி போட்டால் பத்துக் கிலோ பையில் நூற்று இருபது தட்டுக்கு மேல் வரும். கட்டுப்பாட்டு விலையில் உள்ளூர் வெள்ளை அரிசி பத்துக் கிலோ 26 ரிங்கிட், அது கிடைத்தால் ஒரு தட்டுச் சோறு இருபத்தைந்து சென்னுக்குள் அடங்கும். பணம் போவது கோழி, முட்டை, காய்கறி, பழத்தில். ஆர்எம்டியின் 3 ரிங்கிட் 50 சென்னை அளவாக வைத்துத் திட்டம் போடுங்கள், ஆள் கூலி இல்லாததால் அதற்குள் நல்ல சாப்பாடே போடலாம். செலவைக் குறைக்க வேண்டி வந்தால் முட்டையில் கை வைக்காதீர்கள், கோழியைக் குறைத்துப் பருப்பும் தெம்பேயும் சேருங்கள்.

பணம் திரட்டுவதில் ஓர் எச்சரிக்கை. வீடு வீடாகவோ தெருவில் நின்றோ உண்டியல் ஏந்த 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் அனுமதி வேண்டும். வரிக்கழிவு ரசீது கேட்கும் கம்பெனிகளுக்கு, வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் உள்ள அமைப்புதான் ரசீது தரமுடியும், உங்களிடம் அது இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள், அல்லது அங்கீகாரம் உள்ள ஓர் அமைப்போடு சேர்ந்து செய்யுங்கள். வந்த பணம், போன பணம் இரண்டையும் வாரா வாரம் நோட்டீஸ் பலகையில் ஒட்டுங்கள்.

ஹோட்டலிலும் கல்யாண மண்டபத்திலும் மீந்த உணவை வாங்கிக் கொடுக்கலாமா?

சமைக்காத பொருள் என்றால் தாராளமாக. சந்தையில் விற்காமல் போன காய்கறி, பேரங்காடியில் தேதி முடியப்போகும் ரொட்டி, டின் உணவு இவற்றைச் சேகரித்துக் கொடுக்கும் உணவு வங்கிகள் கோலாலம்பூரில் இருக்கின்றன, ஃபூட் எய்ட் ஃபவுண்டேஷன், தி லாஸ்ட் ஃபூட் புரோஜெக்ட் இரண்டும் இந்த வேலையைச் செய்பவை. உணவு கொடுப்பவர்கள் வழக்குக்குப் பயப்படாமல் இருக்க 2020இல் உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது, நல்லெண்ணத்தோடு, சுத்தமான, கெடாத உணவைக் கொடுத்தவருக்கு அது பாதுகாப்பு, அலட்சியமாகக் கெட்டதைக் கொடுத்தவருக்கு இல்லை.

சமைத்த உணவு வேறு விஷயம். கல்யாண மண்டபத்தில் இரவு ஒன்பது மணிக்கு மூடி வைத்த பிரியாணி மறுநாள் மதியம் பிள்ளைகள் தட்டுக்கு வரக்கூடாது, எத்தனை தடவை சூடாக்கினாலும் சரி. அறைச் சூட்டில் கிடந்த சோற்றில் கிருமி விட்டுச் செல்லும் நஞ்சில் சில, மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பது சாதாரண அளவு. நம் ஊர் வெக்கையில், தேங்காய்ப்பால் சேர்த்த குழம்புக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நான் கொடுக்க மாட்டேன். பதினொன்றரைக்கு இறக்கி பன்னிரண்டரைக்குப் பரிமாறினால் இந்தக் கவலையே இல்லை.

என் மகனின் பிறந்த நாளுக்கு ஒரு நாள் சாப்பாடு போட விரும்புகிறேன். படம் எடுத்துக்கொள்ளலாமா?

சாப்பாட்டுக்கு ரொம்ப நன்றி. உங்கள் மகனையும் அழைத்து வாருங்கள், மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். படம் வேண்டாம். அண்டாவை எடுங்கள், சமைக்கும் எங்களை எடுங்கள், சாப்பிடும் பிள்ளைகளின் முகத்தை எடுக்காதீர்கள். அந்தப் படம் ஃபேஸ்புக்கில் போகும், சாப்பிட்ட பிள்ளையின் வகுப்புப் பையன் பார்ப்பான், பள்ளி திறந்த முதல் நாள் அந்தப் பிள்ளையின் காதில் விழப்போவதை நினைத்துப் பாருங்கள். தட்டை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்கும் வரை பிள்ளையைப் பசியோடு நிற்க வைப்பதை நான் பார்த்திருக்கிறேன், எங்கள் மேசையில் அது நடக்காது. பேனரும் வேண்டாம்.

இன்னொரு வேண்டுகோள். எல்லோரும் விடுமுறையின் முதல் வாரத்தையும் தீபாவளி சமயத்தையும் கேட்கிறார்கள். நடு வாரங்களிலும், குறிப்பாக ஆண்டிறுதி விடுமுறையின் கடைசி இரண்டு வாரங்களிலும்தான் கையில் பணம் தீர்ந்திருக்கும். அந்த நாட்களைக் கேளுங்கள்.

மற்ற நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள்?

அமெரிக்காவில் அரசாங்கமே செய்கிறது. 1968இல் சோதனையாகத் தொடங்கி 1975இல் நிரந்தரமான கோடைகால உணவுத் திட்டத்தில், வசதி குறைந்த வட்டாரங்களில் திறந்திருக்கும் மையத்துக்குப் பதினெட்டு வயது வரையிலான எந்தப் பிள்ளையும் போய்ச் சாப்பிடலாம், தனித்தனியாக வருமானம் கேட்பதில்லை. வட்டாரத்தைப் பார்க்கிறார்கள், வீட்டைப் பார்ப்பதில்லை. நாங்கள் பத்திரம் கேட்காததற்கு இதுவும் ஒரு முன்மாதிரி. 2024 முதல், பல மாநிலங்களில் தகுதியுள்ள பிள்ளைக்கு ஒரு கோடைக்கு 120 டாலர் மளிகைப் பணமும் தருகிறார்கள். இங்கிலாந்தில் 2021 முதல் எல்லா வட்டாரங்களிலும் விடுமுறையில் விளையாட்டும் சாப்பாடும் சேர்ந்த திட்டம் நடக்கிறது.

தமிழ்நாட்டைப் பற்றி நமக்குச் சொல்லவே வேண்டாம். காமராஜர் 1956இல் தொடங்கிய மதிய உணவு, எம்ஜிஆர் 1982இல் விரிவாக்கிய சத்துணவு, 2022இல் வந்த காலை உணவு. விடுமுறை விஷயத்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்று: 2004இல் இந்திய உச்ச நீதிமன்றம், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் பள்ளி மதிய உணவு தரவேண்டும் என்று உத்தரவிட்டது. பள்ளிக்கு விடுமுறை விட்டாலும் பிள்ளையின் பசி அரசாங்கத்தின் பொறுப்புதான் என்று ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம் நாட்டிலும் ஆர்எம்டி விடுமுறைக்கும் நீள வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பள்ளியில் கெந்தீன் இருக்கிறது, சமைப்பவர் இருக்கிறார், பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலும் பள்ளியிடம் இருக்கிறது.

ஒரு பிள்ளைக்குப் பசியைத் தவிர வேறு பிரச்சினையும் இருப்பதாகத் தெரிந்தால்?

தினமும் பார்ப்பதால் தெரிந்துவிடும். கையில் காயம், திடீரென்று பேச்சு நின்றுபோதல், வீட்டுக்குப் போக மனமில்லாமல் தட்டைத் துடைத்துக்கொண்டே இருத்தல். பிள்ளையை உட்கார வைத்து விசாரணை செய்யாதீர்கள், அக்கம்பக்கத்தில் பேசாதீர்கள். 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்குக் கூப்பிடுங்கள், இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும்.

பணக் கஷ்டம்தான் காரணம் என்றால், சமூக நல இலாகாவின் குழந்தை உதவித் தொகைக்கு மனுப் போட அம்மாவுக்குக் கூடமாட உதவுங்கள். பாரம் மலாயில் இருப்பதாலும் லீவு கிடைக்காததாலும் மட்டுமே மனுப் போடாமல் இருப்பவர்கள் நிறைய.

விடுமுறை முடிந்ததும் என்ன செய்வது?

பள்ளி திறக்கும் முன், உங்கள் மேசைக்கு வந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளில் யாருக்கு ஆர்எம்டி இல்லை என்று பாருங்கள். தகுதி இருந்தும் பட்டியலில் இல்லாதவர்கள் இருப்பார்கள், வீட்டு வருமான விவரத்தைப் பெற்றோர் பள்ளியில் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள், அப்பாவுக்கு வேலை போனது பள்ளிக்குத் தெரிந்திருக்காது. வகுப்பாசிரியரையோ மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியரையோ பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே பார்க்கச் சொல்லுங்கள், சம்பளச் சீட்டு இல்லையென்றால் வேலையிட யஜமானரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளலாம். அம்மாவால் வேலையை விட்டுப் போகமுடியாது என்றால், அவர் கைப்பட எழுதிய கடிதத்தோடு பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருக்கும் யாராவது ஒருவர் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.